தாயின் பெயர் என்ற கட்டம்

ஜூன் 4

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். ரயில் ரெண்டு மணி நேரம் லேட். ஜன்னல் ஓரம் இடம் கிடைச்சதால குறை ஒண்ணும் இல்லை. உங்க முதுகுவலி எப்படி இருக்கு? தைலம் சமையலறை மேல் தட்டுல இருக்கு. கீழ்த் தட்டுல தேடிட்டு இல்லைன்னு எழுதாதீங்க.

உங்க தங்கச்சி வாசல்ல வந்து நின்னப்போ எனக்கு முதல்ல வயிறுதான் தெரிஞ்சது, அப்புறம்தான் ஆளே தெரிஞ்சா. ஒன்பதாம் மாசம் நடக்குது. வீடு மாடியில, கீழே பம்பு மோட்டார் ரிப்பேர் கடை. பதினேழு படி, செங்குத்தா இருக்கு. இந்தப் படியில தினமும் தண்ணிக் குடத்தோட ஏறி இறங்கிட்டு இருந்திருக்கா. வந்த அன்னைக்கே குடத்தைப் பிடுங்கிட்டேன். "நான் நல்லாத்தானே இருக்கேன் அண்ணி"ன்னா. "நீ நல்லாத்தான் இருக்கே, படி நல்லா இல்லை"ன்னேன்.

உங்க மாப்பிள்ளை லாரியோட கிளம்பி நாலு நாளாச்சு, வர இன்னும் பத்து நாள் ஆகுமாம். பெரியவளுக்கு ஆறு வயசு முடிஞ்சிடுச்சு. நீங்க வெச்ச 'வக்கீல்'ங்கற பேருக்குக் குறைவில்லாம வளர்ந்திருக்கா. என்னைப் பார்த்ததும், "அத்தை, எத்தனை நாள் இருப்பீங்க? பெட்டி பெருசா இருக்கே"ன்னு குறுக்கு விசாரணை. சின்னவளுக்கு ரெண்டே கால் வயசு. எந்நேரமும் எதையாவது கொறிச்சுக்கிட்டே இருக்கறதால 'எலி'ன்னுதான் கூப்பிடறாங்க. என் கண்ணாடிக் கூட்டை முதல் நாளே பதம் பார்த்துட்டா.

அச்சகத்துல ஆறு வாரம் லீவு சொல்லியிருக்கேன். என் மேஜையில யாரும் கைவைக்கக் கூடாதுன்னு ஃபோர்மன்கிட்ட நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

நேரத்துக்குச் சாப்பிடுங்க. உடம்பைப் பார்த்துக்கங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி


ஜூன் 12

அன்புள்ள பிழைதிருத்தி அம்மாவுக்கு,

நான் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைங்க எல்லாரும் நலமா? தைலம் கீழ்த் தட்டுலதான் இருந்தது. நீயே மாத்தி வெச்சுட்டு என்னைச் சொல்றே. முதுகு பரவாயில்லை.

இந்தக் கடிதத்துல சிவப்பு மையால வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பாதே. எனக்கு லிஃப்ட் கம்பியைப் பத்தித் தெரியும், ஒற்றெழுத்தைப் பத்தித் தெரியாது.

போன வாரம் எட்டு மாடி ஆபீஸ் ஒண்ணுல லிஃப்ட் அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நின்னுடுச்சு. உள்ளே ஒரே ஒரு ஆள். ஒன்றரை மணி நேரம் போராடிக் கதவைத் திறந்தா, மனுஷன் கோட்டை மடிச்சுத் தலைக்கு வெச்சுத் தூங்கிட்டு இருக்கார். எழுப்பினதுக்குக் கோபம் வேற. "வீட்டுலதான் தூங்க விடறதில்லை, இங்கேயுமா?"ன்னார்.

நீ இல்லாத வீட்டுல ரேடியோவை ரெண்டு அறைக்கும் கேட்கற மாதிரி வெச்சிருக்கேன். சமையல் ஓடுது. முட்டை, ரொட்டி, மறுபடி முட்டை.

தங்கச்சி உன்கிட்ட மனசு விட்டுப் பேசறாளா? ஏதாவது சொன்னாளா? சும்மாதான் கேட்டேன்.

லீவைப் பத்திக் கவலைப்படாதே. வேணும்கற வரைக்கும் இருந்துட்டு வா. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
மெக்கானிக்


ஜூன் 22

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்க எல்லாரும் நலம். உங்க கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. பிழை ஏழு. வட்டம் போடலை, எண்ணிட்டு விட்டுட்டேன்.

தங்கச்சிக்குக் காலு வீங்கியிருக்கு. கடைசி மாசத்துல சகஜம்தான், படுத்து ஓய்வெடுக்கட்டும்னு டாக்டரம்மா சொன்னாங்க. படுக்கச் சொன்னா, படுத்துக்கிட்டே துணி மடிக்கிறா. காலையில வக்கீலுக்குச் சடை பின்னி ஸ்கூல்ல விட்டுட்டு வர்றது என் வேலை. வழியில தினமும் ஒரு கேஸ். நேத்து கேஸ்: எலியும் குட்டி, வர்ற பாப்பாவும் குட்டி, அப்போ எலி இனிமே என்ன? நான் "நடு"ன்னேன். "நடுவுல இருக்கறவங்களுக்கு என்ன கிடைக்கும்?"னு கேட்டா. ஸ்கூல் வாசல் வந்ததால தப்பிச்சேன்.

மாப்பிள்ளை வந்து மூணு நாள் இருந்துட்டுப் போனார். என்னை நேரா பார்த்துப் பேச மாட்டேங்கறார். நான் ரெண்டாவது தடவை சாப்பாடு வெச்சா மறுக்காம சாப்பிடறார். பாவம், கூச்சம் போல இருக்கு.

தங்கச்சி மனசு விட்டுப் பேசறாளான்னு கேட்டிருந்தீங்க. பேசறா. வந்த மூணாம் நாளே, மொட்டைமாடியில துணி காயப்போடும்போது பேசினா. நீங்க எதையாவது எழுதணும்னு நினைச்சு எழுதாம விட்டிருந்தா, இப்ப எழுதலாம். நான் கோவிச்சுக்க மாட்டேன்.

முட்டையை மட்டும் தின்னு வயித்தைக் கெடுத்துக்காதீங்க. உடம்பு பத்திரம்.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி


ஜூன் 29

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

தந்தி கிடைச்சிருக்கும். நேத்து காலையில பதினொண்ணே காலுக்குப் பெண் குழந்தை. ரெண்டு கிலோ எண்ணூறு. தாயும் பிள்ளையும் நலம். மாப்பிள்ளை ஊர்ல இல்லாததால கீழே பம்புக்கடைக்காரர்தான் தன் வண்டியில ஏத்திட்டுப் போனார். பின்னாடி ரெண்டு மோட்டாருக்கு நடுவுல நாங்க ரெண்டு பேரும். வலிக்கு நடுவுலயும் உங்க தங்கச்சிக்குச் சிரிப்பு தாங்கலை, "அண்ணி, என்னையும் ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போறாங்க"ன்னு.

நிறைய வேலை இருக்கு. பிறகு எழுதறேன். நீங்க நலமா இருங்க.

உங்க வீட்டுக்காரி


ஜூலை 6

அன்புள்ள பிழைதிருத்தி அம்மாவுக்கு,

நான் நலம், நலம், ரொம்ப நலம். தந்தி வந்தப்போ ஒரு கட்டடத்துல லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி நின்னுட்டு இருந்தேன். மேலே இருந்து சூப்பர்வைசர் படிச்சுக் காட்டினார். குழிக்குள்ள இருந்து கத்தினதுல நாலாவது மாடியில கதவைத் திறந்து பார்த்தாங்களாம்.

பாப்பா யார் ஜாடை? முடி இருக்கா? எங்க அம்மாவுக்கு இருந்த மாதிரி காது மடிஞ்சிருக்கா? கையில எடுத்தியா? கண்ணைத் திறந்து பார்த்தாளா? விவரமா எழுது. இவ்வளவு பெரிய விஷயத்தை யாராவது பம்புக்கடை வண்டியோட முடிப்பாங்களா?

அதுக்கு முந்தின கடிதத்துல, எழுதாம விட்டது ஏதாவது இருந்தா எழுதச் சொல்லியிருந்தே. அப்படி ஒண்ணும் இல்லையே. உன்கிட்ட மறைக்க எனக்கு என்ன இருக்கு?

ஒரு விஷயம். உன் அச்சகத்துக்கு நானே போய் ஃபோர்மனைப் பார்த்து லீவை ஆகஸ்ட் கடைசி வரைக்கும் நீட்டிச்சுட்டேன். குழந்தையோட பழகறதுக்கு நாள் வேணுமில்லையா? உனக்கும் ஒரு மாற்றமா இருக்கும்.

தங்கச்சிக்கு நல்ல சாப்பாடு கொடு. நீயும் உடம்பைப் பார்த்துக்கோ. உடனே பதில் போடு.

அன்புடன்,
மெக்கானிக்


ஜூலை 17

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருப்பீங்கன்னு நம்பறேன்.

லீவை நீட்டிச்சதை என்னைக் கேட்டுட்டுச் செஞ்சிருக்கலாம். சரி, செஞ்சாச்சு.

ஒரு நாளைக்கு முப்பத்தி ரெண்டு துணி துவைக்கிறேன். மழை வந்தா காய வைக்க இடம் இல்லை. அறைக்குள்ள குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டியிருக்கேன். யார் எழுந்தாலும் முகத்துல ஈரத்துணி படும். எலி அதுக்குக் கீழே தவழ்ந்து போறா, நடக்கத் தெரிஞ்சும். தங்கச்சிக்கு மூணு நாள் காய்ச்சல் வந்து இறங்கிடுச்சு. மாப்பிள்ளை ஒரு வாரம் லீவு போட்டு வந்திருந்தார். பாத்திரம் தேய்ச்சார், நல்லாவே தேய்ச்சார்.

ஆஸ்பத்திரியில கொடுத்த பிறப்புப் பதிவுப் படிவம் கடிகாரத்துக்குக் கீழே அலமாரியில கிடக்கு. தேதி, நேரம், எடை மட்டும் எழுதியிருக்கு. மத்த கட்டம் எல்லாம் காலி. நான் தொழிலே இதுதான்ங்கறதால காலிக் கட்டத்தைப் பார்த்தா எனக்குக் கை நமநமங்கும். ஆனா யாரும் எடுக்கலை, நானும் எடுக்கலை.

நேத்து ஸ்கூல்ல இருந்து வரும்போது வக்கீல் கேட்டா, "அத்தை, பாப்பாவை நீங்க ஊருக்கு எடுத்துட்டுப் போகப்போறீங்களாமே? அப்பாவும் அம்மாவும் பேசிக்கிட்டாங்க. அடுத்தது யாரு, எலியா, நானா?"

அதுக்கு மேல இன்னைக்கு எழுத முடியலை. உடம்பைப் பார்த்துக்கங்க.

உங்க வீட்டுக்காரி


ஜூலை 25

அன்புள்ள பிழைதிருத்தி அம்மாவுக்கு,

நான் நலம். அங்கே எல்லாரும் நலமா? தங்கச்சிக்குக் காய்ச்சல்னு படிச்சதும் பதறிட்டேன். இப்போ தேவலையா?

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். துணி கணக்கு இருக்கு, மழை இருக்கு, மாப்பிள்ளை பாத்திரம் தேய்ச்சது இருக்கு. பாப்பாவைப் பத்தி ஒரு வரி இல்லை. பிறந்து நாலு வாரமாச்சு. கண்ணு எப்படி இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது.

வக்கீல் குழந்தை, அது கேட்கறதை எல்லாம் பெருசா எடுத்துக்காதே. நீ என்ன நினைக்கிறேன்னு மட்டும் எழுது. நான் எதையும் உன் மேல திணிக்க மாட்டேன். முடிவு உன் கையிலதான்.

தூக்கம் கிடைக்குதா உனக்கு? பதில் சீக்கிரம் போடு.

அன்புடன்,
மெக்கானிக்


ஆகஸ்ட் 3

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

எல்லாரும் நலம். தங்கச்சி தேறிட்டா. நீங்களும் நலமா இருக்கணும். இந்தக் கடிதத்தை வேலைக்கு நடுவுல படிக்காதீங்க, வீட்டுக்குப் போய் உட்கார்ந்து படிங்க.

முடிவு என் கையிலன்னு எழுதினீங்க. என்ன முடிவுன்னு ஒரு வார்த்தை எழுதலை. அதனால நானே எழுதறேன். மூணாம் நாள் மொட்டைமாடியில உங்க தங்கச்சி சொன்னது இதுதான்: "அண்ணி, இது உங்களுக்கு. எங்களுக்குத்தான் ரெண்டு இருக்கே. நாலாம் மாசமே அண்ணனுக்கு எழுதிட்டேன், சரின்னு பதில் போட்டானே. உங்ககிட்ட சொல்லலையா?" துணி கிளிப்பை வாயில கவ்விட்டு இருந்தேன். நல்லதாப் போச்சு, பதில் சொல்ல வேண்டியிருக்கலை.

நீங்க ஏன் சொல்லலைன்னு எனக்குப் புரியுது. கல்யாணமாகி பதினாலு வருஷத்துல ஒன்பது வருஷம் ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். நிறுத்தினப்போ, "இனிமே இதைப் பத்தி நம்ம வீட்டுல பேச்சு வேண்டாம்"னு நான்தான் சொன்னேன். நீங்க பேசலை. உதவிக்குன்னு சொல்லி அனுப்பி வெச்சீங்க, பார்த்தா மனசு வந்துடும்னு.

வந்துடுச்சு. அதை முதல்ல சொல்லிடறேன். நர்ஸ் துணியில சுத்திக் கையில கொடுத்தப்பவே வந்துடுச்சு. அதனாலதான் உங்களுக்கு அவளைப் பத்தி எழுதலை. எழுத ஆரம்பிச்சா நிறுத்த முடியாதுன்னு பயம்.

முதல் பத்து நாள் தங்கச்சி, "இந்தாங்க, உங்க பொண்ணைப் பிடிங்க"ன்னு சொல்லித்தான் கையில கொடுப்பா. ஊருக்குப் போனா புட்டிப் பால்தானே, பழகட்டும்னு தினமும் ஒரு வேளை புட்டியில கொடுக்கச் சொன்னா. காய்ச்சலுக்கு அப்புறம் 'உங்க பொண்ணு' நின்னு போச்சு. 'பாப்பா' ஆச்சு. ஒரு நாள் பார்க்கறேன், புட்டி கழுவி கவுத்து வெச்சது அப்படியே காய்ஞ்சு கிடக்கு. நான் குழந்தையைத் தூக்கினா, சமையலறையில இருந்து ஈரக்கையோட வந்து எட்டிப் பார்ப்பா. "என்ன?"ன்னா, "ஒண்ணும் இல்லை அண்ணி"ம்பா. போக மாட்டா, நிப்பா. நான் பெட்டியைத் திறந்தாலே அவ முகம் மாறிடும். புடவை எடுக்கத்தான் திறப்பேன்.

என்னைப் பார்த்து பயப்படறா. அவ வீட்டுல, அவளுக்குத் துணி துவைச்சுப் போடற என்னைப் பார்த்து.

சொன்ன வார்த்தையை அவளா திரும்ப வாங்க மாட்டா. உங்களுக்கே தெரியும் அவ பிடிவாதம். நான் சும்மா இருந்திருந்தா ஆகஸ்ட் கடைசியில குழந்தையைக் கொண்டுவந்து ரயிலேத்தி விட்டிருப்பா, சிரிச்ச முகத்தோட.

படிவத்தைக் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். புதன்கிழமை மத்தியானம் அவளே எடுத்துட்டு வந்தா. "உங்க எழுத்து அழகு அண்ணி, நீங்களே எழுதிடுங்க. உங்க பேரும் அண்ணன் பேரும் போட்டுட்டா பின்னாடி ஸ்கூல்ல கேள்வி வராது"ன்னா. குழந்தையைத் தோள்ல போட்டு முதுகைத் தட்டிக்கிட்டே சுவரோரமா நின்னா. 'தாயின் பெயர்'ங்கற கட்டத்துல பேனாவை வெச்சேன். தட்டறது நின்னு போச்சு.

அவ பேரை எழுதினேன். அடுத்த கட்டத்துல மாப்பிள்ளை பேர். "எழுத்து சரியா இருக்கா பாரு. பின்னாடி திருத்தணும்னா ஒரு வருஷம் அலையணும்"னு அவகிட்ட நீட்டினேன். வாங்கிப் பார்த்தா. அப்படியே தரையில உட்கார்ந்துட்டா. வாய் விட்டு அழுதா. நான் அந்த மாதிரி அழுகை கேட்டதில்லை.

வக்கீல் ஓடி வந்தா. "அம்மாவை என்ன பண்ணீங்க அத்தை?"

"பேர் எழுதினேன்."

"யார் பேரு?"

"உங்க அம்மா பேருதான்."

"அதுக்கு ஏன் அழறாங்க? தப்பா எழுதிட்டீங்களா?"

மாப்பிள்ளை நேத்து வந்து பார்த்தார். "மச்சானுக்கு என்ன சொல்லப்போறீங்க?"ன்னு கேட்டார், முதல் தடவையா என் முகத்தைப் பார்த்து. "நான் எழுதிக்கறேன்"னேன். எழுதிட்டேன்.

உங்களைக் கேட்காமச் செஞ்சுட்டேன். தபால் போய் வர பத்து நாள், எனக்கு ரெண்டு நாள்தான் இருந்தது. ஆனா பத்து நாள் இருந்திருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன்.

சாப்பிடாம இருக்காதீங்க. உடம்பு பத்திரம்.

உங்க வீட்டுக்காரி


ஆகஸ்ட் 5

அண்ணா,

நீ நலமா? நான் நலம். பிள்ளைங்க மூணு பேரும் நலம். மூணு பேர்னு எழுதிட்டு மறுபடி எண்ணிப் பார்த்தேன்.

உனக்குத் தர்றேன்னு சொன்னது பொய் இல்லை. உங்க ரெண்டு பேரைத் தவிர வேற யார்கிட்டயும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். நாலாம் மாசம் எழுதினப்போ அது வயிறு. இப்போ அது ஆளு. என் குரல் கேட்டா தலையைத் திருப்பறா. எனக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், ரெண்டு பெத்தவதானே நான். தெரியலை அண்ணா.

அண்ணி மேல கோபப்படாதே. அண்ணி கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். அப்புறம் என்ன ஆகியிருப்பேன்னு எனக்குத் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

படிவத்தை எழுதிட்டு அன்னைக்கு ராத்திரியும் எப்பவும் போல அண்ணிதான் சமைச்சாங்க. நான் என்ன சொன்னாலும் "உப்பு போதுமா சொல்லு"ங்கறாங்க. உப்பு போதும்னு மட்டும்தான் என்னால சொல்ல முடிஞ்சது.

மன்னிக்கணும்னு கேட்க எனக்கு வாய் வரலை. உடம்பைப் பார்த்துக்கோ. ஒரு வரியாவது எழுது.

உன் தங்கச்சி


ஆகஸ்ட் 24

அன்புள்ள உனக்கு,

நலமா? நான் இருக்கேன்.

உன் கடிதம் வந்து பதினாறு நாளா பதில் எழுதலை. கோபம்னு நினைச்சிருப்பே. ஆமா, கோபம்தான். முதல்ல உன் மேல, அப்புறம் தங்கச்சி மேல, கடைசியில என் மேல. நாள் கணக்கு பார்த்தா என் மேலதான் ரொம்ப நாள்.

சூப்பர்வைசர்கிட்ட ஜூலையிலயே சொல்லி வெச்சிருந்தேன், செப்டம்பர்ல எங்க வீட்டுக்கு ஒரு குழந்தை வருதுன்னு. அன்னையில இருந்து அந்த மனுஷன் தினமும் காலையில, "என்னப்பா, அப்பா!"ன்னுதான் கூப்பிடுவார். உன் கடிதம் வந்த அப்புறமும் கூப்பிட்டார். நானும் சிரிச்சுட்டுப் போனேன். அவர்கிட்ட இல்லைன்னு சொல்ல பன்னிரண்டு நாள் ஆச்சு. சொன்னப்போ அவர் ஸ்பேனரை எடுத்துக் கையில கொடுத்தார். மறுநாள்ல இருந்து பேர் சொல்லிக் கூப்பிடறார். அது அதைவிடக் கஷ்டமா இருக்கு.

என்னைக் கேட்காம முடிவு எடுத்துட்டேன்னு திட்டி ஒரு கடிதம் எழுதினேன். பாதியில நிறுத்திட்டேன். நானும் உன்னைக் கேட்காமத்தானே அனுப்பினேன். நீ அங்கே எப்படி இருந்திருப்பேன்னு யோசிக்காம, முடி இருக்கா, காது மடிஞ்சிருக்கான்னு கேட்டு எழுதினேன். அதை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது.

தங்கச்சிக்குத் தனியா எழுதியிருக்கேன். நாலே வரி. திட்டலை.

கோபம் முழுசா போகலை. போயிடுச்சுன்னு எழுதினா பொய். நீ வந்துடு. வீட்டுக்கு வந்தப்புறம் மிச்சத்தைப் பார்த்துக்கலாம். எந்த ரயில்னு எழுது. உடம்பு சரியா இருக்கா? இருந்தா இருக்குன்னு எழுது, இல்லைன்னா இல்லைன்னு எழுது.

மெக்கானிக்


ஆகஸ்ட் 30

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

உடம்பு இருக்கு. இடுப்பு மட்டும் வலிக்குது, துணி துவைச்சு. உங்க கடிதத்துல பிழை இருந்திருக்கும், பார்க்கலை.

ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். சொல்லிட்டே வர்றேன். எந்தப் படிவம் எழுதினாலும் முதல்ல ஒரு வெத்துக் காகிதத்துல மாதிரி எழுதிப் பார்க்கறது என் பழக்கம். அந்தப் புதன்கிழமை காலையில, தங்கச்சி கேட்கறதுக்கு முன்னாடியே, மாதிரி எழுதினேன். தேதி, நேரம், எடை. தாயின் பெயர்ல என் பேர். தந்தையின் பெயர்ல உங்க பேர். மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை படிச்சேன். ஒரு பிழை இல்லை. அடுப்புல போட்டுட்டேன். நான் நல்லவள்னு நீங்க நினைச்சுடக் கூடாதுன்னு எழுதறேன்.

வியாழக்கிழமை சாயங்கால ரயில். நீங்க ஸ்டேஷனுக்கு வர வேண்டாம்னு எழுத நினைச்சேன். வாங்க.

உடம்பைப் பார்த்துக்கங்க.

உங்க வீட்டுக்காரி


செப்டம்பர் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். நீ, மாப்பிள்ளை, பிள்ளைங்க மூணு பேரும் நலமா? படியில குடம் தூக்கறது இல்லைன்னு வக்கீல் எனக்கு சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கா, உன் சார்பா. நீ மீறினா அவளே எனக்கு எழுதுவா.

உங்க அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பெட்டியை வாங்கிக்கிட்டார். பஸ்ல ஏறி இறங்கி வீடு வர்ற வரைக்கும் அதைக் கீழே வைக்கலை. கோபம் இல்லை, எங்கே ஆரம்பிக்கறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியலை.

வீட்டுக்குள்ள நுழைஞ்சா, சமையலறைக்குப் பக்கத்துல நாங்க சாமான் போட்டு வெச்சிருக்கற சின்ன அறை திறந்திருக்கு. ஒரு சாமான் இல்லை. சுவர் முழுக்க இளமஞ்சள் பெயிண்ட். ஜன்னலுக்குப் புதுசாக் கம்பி வலை. மூலையில தொட்டில் மாட்ட உத்தரத்துல கொக்கி, லிஃப்ட் கம்பியில போடற கொக்கி, ஒரு யானையையே தொங்க விடலாம். எந்தக் கடிதத்துலயும் இதைப் பத்தி ஒரு வார்த்தை எழுதலை அவர்.

நான் பார்த்துட்டே நிக்கறதைப் பார்த்துட்டு, "பழைய சாமான் எல்லாம் பின்னாடிதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை திரும்ப எடுத்து வெச்சுடறேன்"னார்.

"வெக்க வேண்டாம்"னேன்.

நான் சமைச்சேன். முட்டையைப் பார்த்தாலே அவருக்கு இப்போ குமட்டுதாம். சாப்பிட உட்கார்ந்தோம். ரெண்டு வாய் சாப்பிட்டார். அப்புறம் தட்டைப் பார்த்துக்கிட்டே, "எப்படி இருப்பா?"ன்னு கேட்டார்.

நான் சொல்ல ஆரம்பிச்சேன். தும்மினா ரெண்டு தடவை தும்மறதை, மூணாவது வராதான்னு அவளே காத்திருக்கற மாதிரி பார்க்கறதை. இடது காது மட்டும் மடிஞ்சிருக்கறதை. துணிக் கயிறு ஆடினா அதையே பார்த்துக் கையை விரிக்கறதை. எலி அவ காலைக் கொறிக்கப் பார்த்ததை. அழும்போது கீழுதடு முதல்ல வெளியே வர்றதை. அவர் ஒவ்வொண்ணுக்கும், "அப்புறம்?"னு கேட்டார். சாப்பாடு ரெண்டு பேருக்கும் ஆறிப்போச்சு. நீ நினைக்கற மாதிரி ஒண்ணும் ஆகலை, யாரும் உடைஞ்சு போகலை. நடுவுல ஒரு தடவை அவர் எழுந்து போய் முகம் கழுவிட்டு வந்தார். வந்து உட்கார்ந்து, "எங்கே விட்டே?"ன்னார்.

நேத்து கடிதம் எழுத உட்கார்ந்தப்போ, அந்த அறையில தாராளமா நாலு பேர் படுக்கலாம்னு எழுதச் சொன்னார். ஸ்கூல் லீவு எப்போன்னு வக்கீல்கிட்ட கேட்டு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. பாப்பாவுக்குத் தடுப்பூசி பதினெட்டாம் தேதி, மறந்துடாதே. பதில் போடும்போது எனக்கு மனசு கஷ்டமாகும்னு நினைச்சு அவளைப் பத்தி எழுதாம விட்டுடாதே. நிறைய எழுது. நான் தாங்கிப்பேன்.

அன்புடன்,
அண்ணி